முருங்கை மரத்தில் நூலாம்படையா? மருந்து ஊற்றும் முன் இதைப் படியுங்கள்!

‘எங்கள் வீட்டுக் கொல்லையில் எட்டு வருட முருங்கை மரம் நிற்கிறது. தண்டில் கிளை பிரியும் இடத்தில் பழுப்பு நிறத்தில் நூலாம்படை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. கரையான் என்கிறார் கணவர். கரையான் மருந்தை வாங்கி வேரில் ஊற்று என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மரத்தையே வெட்டிவிடலாம் என்கிறார் அத்தை. நான் யார் பேச்சைக் கேட்பது?’

வாசகி ஒருவர் செல்போன் படத்தோடு அனுப்பிய கேள்வி இது. இதே மாதிரி கொய்யா, நெல்லி, சப்போட்டா மரங்களின் படங்களும் வந்துகொண்டே இருப்பதால், இந்த வாரம் முழுப் பக்கத்தையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் அவசரமான பதில். சகோதரி, மூன்று பேர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். குறிப்பாக, அந்த மருந்து டப்பாவைத் திறக்கவே வேண்டாம். வாரம் இரண்டு முறை கீரையும் காயும் பறித்துக் குழந்தைகளுக்குப் போடுகிற மரம் அது. வேரில் ஊற்றுகிற விஷம் மண்ணோடு நின்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதைவிட முக்கியம், உங்கள் மரத்தில் இருப்பது கரையானே இல்லை. கரையான் மருந்து அந்த ஆளை ஒன்றும் செய்யாது.

அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தோட்டக்கலைக்காரர்கள் ‘பட்டை தின்னும் புழு’ என்பார்கள். அறிவியல் பெயர் இண்டர்பெலா. இரவில் டியூப்லைட்டைச் சுற்றும் விட்டில்கள் இருக்கின்றனவே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அதன் புழு இலையைத் தின்னாமல் மரத்துக்குள் வீடு கட்டிக் குடியிருக்கிறது.

கரையானா, இந்தப் புழுவா என்று பார்க்க விரல் போதும். படர்ந்திருப்பதை லேசாகத் தேய்த்துப் பாருங்கள். கரையான் கட்டுவது மண் பாதை. தேய்த்தால் பொலபொலவென்று மண்ணாக உதிரும். பெரும்பாலும் தரையில் தொடங்கி மேலே ஏறும். பட்டைப் புழு கட்டுவது பட்டுநூல் பாதை. தன் எச்சத்தையும் மென்று துப்பிய பட்டைத் துணுக்குகளையும் நூலில் கோத்து, டீத்தூளை ஒட்டிய கந்தல் துணி மாதிரி செய்து வைத்திருக்கும். பிடித்து இழுத்தால் உதிராது, பட்டையாக உரிந்து கையோடு வரும். தரைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. கிளைகள் பிரியும் கவட்டில்தான் அநேகமாக ஆரம்பிக்கும்.

உரித்த இடத்தில் பட்டையின் மேல்தோல் போய், சிவந்த சதை மாதிரி உள்பட்டை தெரிகிறதா? அந்தப் பாதை ஒரு முனையில் ஒரு துளையில் போய் முடிகிறதா? சந்தேகமே வேண்டாம், இண்டர்பெலாதான்.

துளை படுக்கையறை என்றால் அந்த நூல் பாதை சாப்பாட்டுக்கூடம். பகல் முழுக்கப் புழு துளைக்குள் பதுங்கிக் கிடக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து, நூல் கூரைக்குக் கீழேயே நடந்து போய்ப் பட்டையைச் சுரண்டித் தின்னும். அதற்கு முக்கிய உணவு மரக்கட்டை அல்ல, பட்டைதான். கட்டைக்குள் குடைவது ஒளிந்துகொள்வதற்கு. பட்டை வழியாகத்தான் இலையில் தயாரான சத்து கீழே வேருக்குப் போகிறது. கவட்டைச் சுற்றிலும் பட்டை போய்விட்டால் அதற்கு மேலே உள்ள கிளை மெலியும், காய்ப்பு குறையும். ஒரு புழு ஒரு பெரிய மரத்தைக் கொல்லாது. ஆனால் பராமரிப்பு இல்லாத கிழட்டு மரத்தில் பத்து, பதினைந்து துளைகள் என்று சேரும்போதுதான் காற்றில் கிளை முறிவதும் மரம் பட்டுப்போவதும்.

இரவு எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய், நூல் கூரையை ஈர்க்குச்சியால் மெல்லக் கிழித்துப் பார்த்தால் ஆளையே பார்த்துவிடலாம். அழுக்குப் பழுப்பு நிறம், கறுத்த தலை, முழு வளர்ச்சியில் இரண்டு அங்குல நீளத்துக்கு அருகில் வரும். வெளிச்சம் பட்டதும் பின்னாலேயே நகர்ந்து துளைக்குள் சறுக்கிவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். டி.வி. பார்ப்பதைவிட சுவாரஸ்யம் என்பது என் கட்சி.

முருங்கை என்றதும் பலருக்குக் கம்பளிப்பூச்சி ஞாபகம் வரும். அது வேறு. உடம்பெல்லாம் மயிரோடு, பகலில் தண்டில் கும்பலாக அப்பிக்கொண்டிருக்குமே, அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான். ஆனால் மரத்தைத் துளைக்காது. இலையைத் தின்னும், பட்டையைக் கொஞ்சம் சுரண்டும். தொட்டால் அரிக்கும். கும்பலாகக் கண்ணில் பட்டால் கம்பளிப்பூச்சி, கண்ணிலேயே படாமல் கந்தல் துணியை மட்டும் தொங்கவிட்டிருந்தால் பட்டைப் புழு.

அடுத்து இன்னொரு ஆசாமி. இவருக்கு நூலாம்படை கட்டும் பழக்கம் கிடையாது. நன்றாக இருந்த கிளை ஒன்று மட்டும் திடீரென்று வாடும். மாதுளையிலோ சந்தனக் கன்றிலோ இப்படி நடந்தால் தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைப்போம். கிளைக்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சின்னச் சின்ன உருளைகளாக, மாத்திரை மாதிரி ஏதாவது சிதறிக் கிடக்கிறதா? வெளிர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். வட்டமான சுத்தமான சிறு துளை ஒன்று தண்டில் இருக்கும். உள்ளே இருப்பது ‘செந்துளைப்பான்’. அறிவியல் பெயர் ஸூசெரா காஃபியே.

இது நிஜமாகவே கட்டையைக் குடைகிற புழு. தண்டின் நடுவே நீள வாக்கில் சுரங்கம் போட்டுக்கொண்டே போகும். குப்பையை அவ்வப்போது துளை வழியாக வெளியே தள்ளிவிடும், வாசலைப் பெருக்குகிற மாதிரி. அதனால்தான் கீழே அந்த உருளைகள். கிளையை ஒடித்துப் பிளந்தால் செங்கல் சிவப்பில், வழவழப்பாக, ஒன்றரை அங்குலப் புழு கிடக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாத நிறம்.

அதன் தாய்ப்பூச்சி அழகோ அழகு. வெள்ளைச் சிறகில் நீலக்கறுப்புப் புள்ளிகள். ஆங்கிலத்தில் சிறுத்தை அந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ நீல மை தெறித்த வெள்ளைச் சட்டைதான் ஞாபகத்துக்கு வரும்.

பெயரில் ‘காஃபியே’ இருப்பதற்கு ஒரு கதை உண்டு. இலங்கையில் காபி கொடிகட்டிப் பறந்த காலத்தில், நீட்னர் என்ற தோட்டக்காரர் காபிச் செடியின் எதிரிகளைப் பற்றி எழுதினார். இந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயர் கொடுத்தவர் அவர்தான், 1861-ல். சில ஆண்டுகளிலேயே இலைத்துரு நோய் வந்து இலங்கையின் காபித் தோட்டங்களை வாரிக்கொண்டு போனது. அந்த மலைகளில் தேயிலை வந்தது. செந்துளைப்பான் பெயரை மாற்றிக்கொள்ளாமலேயே தேயிலைக்கும் மாறிக்கொண்டது! நம் மலைத்தோட்டக் காபிச் செடிகளில் இன்றும் உண்டு. சமவெளியில் சவுக்கு, மாதுளை, சந்தனம் என்று அதற்கு ருசிகள் பல.

சந்தனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2002-ல் சட்டம் திருத்தப்பட்டு, சொந்த நிலத்தில் வளரும் சந்தன மரம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்று ஆனது. அதன்பிறகு சந்தனம் நடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பேரப்பிள்ளைக்கு உதவும் என்று கொஞ்சம் நிலத்தில் ஐம்பது, நூறு கன்று வைத்தவர்கள் எனக்கும் எழுதுகிறார்கள். சந்தனத்தில் விலை வைரத்துக்குத்தான், அதாவது நடுக்கட்டைக்கு. செந்துளைப்பான் குடைவதும் அதே நடுவைத்தான். இளம் தண்டில் சுரங்கம் விழுந்தால் அந்த இடத்தில் மரம் முறிந்துவிடும். பதினைந்து, இருபது வருடக் காத்திருப்பு என்பதால், வாரம் ஒருமுறை ஒவ்வொரு கன்றின் அடியிலும் குனிந்து பார்ப்பது தேவையான வேலை. மேலே பார்த்துக்கொண்டு நடந்தால் இது கண்ணில் படாது.

மகோகனி நட்டவர்களுக்கு வேறொரு துளைப்பான். ஹிப்சிபிலா என்று பெயர். இது தண்டுக்கு வருவதில்லை. நுனிக்குருத்தைத்தான் துளைக்கும். குருத்து கறுத்துத் தொங்கும். அந்த இடத்தில் பிசினும் எச்சமும் நூலும் கலந்து ஒட்டியிருக்கும். மரம் சாகாது. ஆனால் நுனி போனதால் பக்கத்தில் இரண்டு, மூன்று கிளைகள் கிளம்பி மரம் கவையாகிவிடும். நெட்டையாக ஒரே தண்டாக வளர்ந்தால்தானே மரக்கடையில் விலை?

தேக்கில் குடைகிறது காஸஸ் கடம்பே என்ற அந்துப்பூச்சியின் புழு. கேரளத்துத் தேக்கங்காடுகளில் இதை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஊருக்குப் பக்கத்தில், தழைக்கும் விறகுக்கும் கிளை வெட்டப்பட்ட மரங்களில்தான் தொல்லை அதிகம். வெட்டுக்காயம்தான் அதற்கு வாசல். வீட்டு மரத்துக்கும் இது பொருந்தும். அரிவாளால் கொத்திக் கிளையைக் கிழித்து விடுவது, விளம்பரத் தட்டிக்கு ஆணி அடிப்பது, கொடிக்கயிற்றை இறுக்கிக் கட்டிப் பட்டையை அறுப்பது எல்லாம் பூச்சிக்கு வைக்கிற வெற்றிலை பாக்கு.

மரத்தில் துளை இருந்தாலே அந்துப்பூச்சிதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மாமரத்தின் அடித்தண்டில் நார் நாராக மரத்தூள் தள்ளியிருந்து, பழுப்பாகச் சாறும் வடிந்தால் அது பெரும்பாலும் நீளக்கொம்பு வண்டின் புழு. முந்திரியில் வேர்ப்பக்கம் பிசினோடு தூள் வந்தாலும் வண்டுதான். தென்னையின் குருத்தைத் துளைப்பது காண்டாமிருக வண்டு, தண்டைத் துளைப்பது சிவப்புக் கூன்வண்டு. இரண்டும் அந்துப்பூச்சிகள் அல்ல. கதவு நிலையிலிருந்து மைதா மாவு மாதிரி கொட்டினால் அது காய்ந்த மரத்தை உளுக்க வைக்கும் குட்டி வண்டு. காய்ந்த மூங்கிலிலோ உத்தரத்திலோ டிரில் போட்ட மாதிரி கச்சிதமான வட்டத் துளை இருந்து, பக்கத்தில் கறுத்த பெரிய வண்டு ஒன்று ரீங்காரம் போட்டால், அது வண்டே இல்லை, தச்சுத் தேனீ. அதை விட்டுவிடுங்கள். பூசணி, பாகற்காய்ப் பூவுக்கெல்லாம் மகரந்தம் சேர்க்க வருகிறவர்.

புழுவே கையில் கிடைத்துவிட்டால் குழப்பம் இல்லை. வெள்ளைத் தாளில் போட்டு வயிற்றுப்பக்கம் பாருங்கள். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடிக் கூரான கால்களும், அதற்கப்புறம் உடம்பின் நடுவில் குட்டையான சதைக்கால்களும் இருந்தால் அந்துப்பூச்சியின் பிள்ளை. கால் எதுவும் தெரியாமல், வெண்ணெய் நிறத்தில், தலைப்பக்கம் அகலமாக இருந்தால் நீளக்கொம்பு வண்டின் பிள்ளை.

இன்னொரு அடையாளம் எனக்கு மிகவும் பிடித்தது. துளை வாயில் பழுப்பு நிறக் காலிச் சட்டை ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்துப்பூச்சிக்கு வந்த பிறகு மரத்தைக் கடிக்கப் பல்லும் கிடையாது, தாடையும் கிடையாது. எனவே கூட்டுப்புழுவாக இருக்கும்போதே நெளிந்து நெளிந்து வாசலுக்கு வந்துவிடுகிறது. நெளிய வசதியாக முதுகில் வரிசையாகச் சிறு முட்கள். தடவினால் விரலுக்குச் சொரசொரக்கும். தலை வெளியே வந்ததும் கூடு வெடித்து, பூச்சி பறந்துவிடும். சட்டை அங்கேயே நிற்கும். வண்டு இப்படிச் செய்யாது. உள்ளேயே முழு வண்டாகிக் கடித்துக்கொண்டு வெளியே வரும், துளை மட்டும் மிஞ்சும். சட்டை இருந்தால் அந்து, அவ்வளவுதான்.

அப்படிப் பறந்து போகிற பூச்சி எதுவும் சாப்பிடுவதில்லை. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு சில நாட்கள் உயிர் வாழும். அதற்குள் துணை தேடி, முட்டையிட்டு முடித்துவிட வேண்டும். இண்டர்பெலாவின் தாய்ப்பூச்சி பட்டை வெடிப்புகளில் முட்டை இடுகிறது. பத்து நாட்களுக்குள் பொரிந்துவிடும். அதற்கப்புறம் ஒன்பது, பத்து மாதம் புழு வாழ்க்கை. வருடத்துக்கு ஒரு தலைமுறைதான். நமக்கு இது நல்ல செய்தி. வைகாசி, ஆனியில் அந்து வந்து முட்டையிட்டால், மழைக்காலத்தில் நூல் பாதை சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். ஒரு புழுவை எடுத்தால் அந்த வருடக் கணக்கில் ஒன்று நிச்சயமாகக் குறைந்தது.

எடுப்பது எப்படி? தென்னந்துடைப்பத்தால் நூல் பாதை முழுவதையும் துடைத்து எடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். புதிதாக நூல் கட்டியிருந்தால் ஆள் உள்ளே உயிரோடு இருக்கிறார். கட்டவில்லை என்றால் அது பழைய வீடு, காலி. இந்தச் சோதனையைச் செய்யாமல் மருந்துக்குச் செலவு செய்கிறவர்கள்தான் அதிகம்.

ஆள் இருந்தால், பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியைத் துளைக்குள் விட்டுத் துழாவுங்கள். இண்டர்பெலாவின் துளை அதிக ஆழம் போகாது, ஒரு சாண் கம்பி பெரும்பாலும் எட்டிவிடும். கம்பி நுனியில் ஈரம் தெரிந்தால் வேலை முடிந்தது. வளைந்த துளையாக இருந்து கம்பி போகவில்லை என்றால், மண்ணெண்ணெயில் நனைத்த சிறு பஞ்சை உள்ளே தள்ளிக் களிமண்ணால் வாயை அடைத்துவிடலாம். பஞ்சு அளவுதான், மரத்தின் மேல் ஊற்றக் கூடாது. கீரைக்காக வளர்க்கும் மரத்தில் கம்பியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. செந்துளைப்பான் என்றால் வாடிய கிளையை, சுரங்கம் முடிகிற இடத்துக்குக் கீழே நல்ல கட்டை தெரியும் வரை வெட்டி எரித்துவிட வேண்டும். வெட்டிய கிளையை வேலியோரம் போட்டுவைத்தால் புழு அதிலேயே வளர்ந்து அந்துவாகி வந்துவிடும்.

நூறு மரத் தோப்பு வைத்திருப்பவர்கள், கையால் எடுத்து முடியாது என்றால், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். எச்சம் கொஞ்சம், நூல் பாதையில் ஒரு துண்டு, கிடைத்தால் அந்தக் காலிச் சட்டை, இவற்றை ஒரு தீப்பெட்டியில் எடுத்துப் போங்கள். ‘சார், மரத்துல பூச்சி’ என்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பூச்சியை அடையாளம் காணப் பழக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இரண்டு யோசனை. கோயம்புத்தூர் பக்கம் போனால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில் 2018-ல் திறந்த பூச்சிகள் அருங்காட்சியகம் இருக்கிறது, கூட்டிப் போங்கள். வீட்டிலேயே பார்க்க வேண்டுமா? கோடை மழைக்கு அப்புறம், நிலா இல்லாத ஒரு ராத்திரி மொட்டை மாடியில் தாத்தாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, அதன் முன்னால் ஒரு பல்பைத் தொங்கவிடுங்கள். மணி எட்டிலிருந்து பத்துக்குள் வேட்டியில் கூட்டம் சேரும். இண்டர்பெலா வந்தால், வெளிர் பழுப்பில் அலை அலையான கறைகளோடு, காய்ந்த பட்டைத் துண்டு மாதிரி சிறகை மடித்து உட்கார்ந்திருக்கும். நீல மைப்புள்ளி வந்தால் அதிர்ஷ்டம்தான்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு தெரியும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் பெயரை ஊகித்துச் சொல்லும், தெரிந்தவர்களும் வந்து திருத்துவார்கள். ஆனால் நூலாம்படையை மட்டும் படம் பிடித்துப் போட்டால் செயலி பாவம், சிலந்தி என்று சொன்னாலும் சொல்லும். எனக்கு அனுப்புகிறவர்களும் நான்கு படமாக அனுப்புங்கள்: முழு மரம், துளை அல்லது நூல் பாதை கிட்டத்தில், கீழே விழுந்த எச்சம், ஆள் கிடைத்திருந்தால் ஆள். எந்த மரம், எந்த ஊர், எந்த மாதம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பாதி பதில் அதிலேயே வந்துவிடும்.